கட்டளையும் கடைச்சரக்கும்

நமது தேசியக் கொடிக்கு ஓர் இலக்கணம் உண்டு. நீளம் மூன்று பங்கென்றால் அகலம் இரண்டு பங்கு. நடுவில் 24 ஆரங்களுடன் ஒரு சக்கரம். இவ்வளவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கதர்த் துணி எவ்வளவு கனம் இருக்க வேண்டும், காவி எந்தச் சாயலில் இருக்க வேண்டும், சாயம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதெல்லாம் வேறொரு சிறு புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தின் பெயர் ஐ.எஸ். 1. இந்தியத் தரநிலைகளில் முதலாவது அதுதான். 1951-ல் வெளியாயிற்று. சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1947 ஜனவரியில், தொடங்கப்பெற்ற ஐ.எஸ்.ஐ. என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. இரும்புப் பெட்டியிலும் காஸ் அடுப்பிலும் வீட்டுப் பெண்கள் தேடிப் பார்த்து வாங்குகிறார்களே, அந்த முத்திரைக்கு உரிய நிறுவனம். பிற்பாடு 1987-ல் அது இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்று புதுப் பெயர் பெற்றது. முத்திரையின் பெயர் மட்டும் பழைய பெயராகவே நின்றுவிட்டது.

கொடி யாருடையது என்று கேட்டால் குழந்தைகூடப் பதில் சொல்லும். கொடியின் இலக்கணம் யாருடையது என்று கேட்டால் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. தரநிலைகளின் பதிப்புரிமை அமைவனத்துக்கே சொந்தம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். அமைவனத்தின் அனுமதி இல்லாமல் எந்தத் தரநிலையையும், அதில் ஒரு பகுதியைக்கூட, யாரும் அச்சிடக் கூடாது. பிரதி செய்யக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் அது மட்டும் குற்றமில்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை உண்டு. பதிப்புரிமை என்ற ஒரு சொல்லை நம்பித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. என் நாவல் ஒன்று வெளிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸப்பில் உலவ விட்டார். அதை எனக்கே ஒருவர் அனுப்பி, “அருமையான நாவல், அவசியம் படியுங்கள்” என்று சிபாரிசு வேறு செய்தார்! எனக்கு வந்த கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை. இரண்டு வருஷ உழைப்பு அது. எழுத்தாளனுக்குப் புகழ் போதாதா என்று கேட்கிறவர்கள், தங்கள் சம்பளத்தை ஒரு மாதம் புகழாக வாங்கிப் பார்க்கட்டும்.

இப்படிப்பட்ட நான், தரநிலைகளைப் பூட்டி வைக்கக் கூடாது என்று ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது வக்கீல் நண்பர் ஒருவர் மடக்கினார். “உம்முடைய நாவலை எடுத்தால் திருட்டு, சர்க்கார் புத்தகத்தை எடுத்தால் தர்மமோ? இரண்டுக்கும் ஒரே சட்டம்தானே, ஐயா?”

கேள்வி நியாயமானது. சட்டத்தைக் கொண்டு பதில் தேடுவதற்கு முன், ஒரு பட்டறைக்குப் போய்விட்டு வரலாம் என்று தோன்றுகிறது.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாக ஊத்தங்கரை போகும் சாலையில் சிங்காரப்பேட்டை இருக்கிறது. பக்கத்தில் ஜவ்வாது மலை. மழையை நம்பிய மண். பத்து வீட்டில் ஒரு பையனாவது கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூருக்குப் போயிருப்பான். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் தயாராகும் இடம் அது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சின்ன ஆலைகள். சின்ன ஆலைகளுக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி சில சமயம் சிங்காரப்பேட்டை வரைக்கும் நீண்டுவிடும். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் அங்கே கேட்டு, ஜன்னல், கலப்பைக் கொழு என்று செய்துகொண்டிருந்தவர். சில வருஷங்களுக்கு முன் அவருக்கு ஒரு வேலை வந்தது. வரைபடத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“பிராக்கெட்டு அடிச்சுக் குடுக்கணுமாம் சார். அளவெல்லாம் நல்லாப் போட்டிருக்கு. மூலையில என்னமோ நம்பரு எழுதியிருக்காங்க, அதுதான் மட்டுப்படல.”

பார்த்தேன். இரும்பு ஐ.எஸ். 2062-ன்படி, குறிப்பிடாத அளவுகளுக்கு ஐ.எஸ். 2102 பார்க்க என்று இருந்தது. முதலாவது, எந்த ரக உருக்கு என்பதைச் சொல்லும் தரநிலை. இரண்டாவது அதைவிடச் சுவையானது. நூறு மில்லிமீட்டர் என்று எழுதினால், நூறே நூறாக வெட்ட எந்தக் கையாலும் ஆகாது. எந்த யந்திரத்தாலும் ஆகாது. மயிரிழை கூடும் அல்லது குறையும். எவ்வளவு வரைக்கும் கூடலாம், குறையலாம் என்று பொறுத்துக்கொள்ளும் எல்லையைச் சொல்வது அது. மனிதனுடைய பிசகுக்கு அளவு போட்டுக் கொடுத்த புத்தகம் என்று சொல்லலாம். மனுஷ உறவுகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால் என் போன்ற நாவலாசிரியர்களுக்குத் தொழில் இல்லாமல் போயிருக்கும்.

“இது எங்க கெடைக்கும் சார்?”

“விலைக்கு வாங்கணும்.”

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். “இப்படித்தான் செய்யணும்னு அவங்களே சொல்லுவாங்க, எப்படின்னு தெரிஞ்சுக்க நான் காசு குடுக்கணுமா?” என்றார்.

அவருடைய நியாயத்தில் ஒரு சந்து இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேலையை அவர் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் வருகிற எண் அது. ராஜாங்கக் கட்டளை அல்ல. தரநிலை பிறக்கும்போது வெறும் யோசனைதான். இன்னபடி செய்தால் நல்லது என்று விஷயம் தெரிந்தவர்கள் கூடிச் சொல்கிறார்கள். கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். ஆனால் சர்க்கார் தன் உத்தரவில் அந்த எண்ணை எழுதிவிட்ட மறுகணம் அதன் ஜாதகமே மாறிவிடுகிறது. இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர்கள் அணியும் தலைக்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 4151-ன்படி அமையாத, முத்திரை இல்லாத தலைக்கவசத்தை 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து தயாரிப்பதும் விற்பதும் குற்றம். அந்த உத்தரவு அரசிதழில் வந்தது. அரசிதழில் வந்ததை யார் வேண்டுமானாலும் மறுபதிப்புச் செய்யலாம் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே தாராளமாக இடம் கொடுக்கிறது. ஆனால் உத்தரவைப் படித்தால் என்ன தெரியும்? ஓர் எண் தெரியும். எண்ணுக்குள்ளே இருக்கும் விஷயத்தை மறுபதிப்புச் செய்ய அனுமதி இல்லை.

தலைக்கவசம் செய்கிறவன் முதலாளி, புத்தகத்தை வாங்கட்டுமே என்று சொல்லலாம். சரி, கும்பகோணத்துக்கு வாருங்கள்.

2004 ஜூலை 16. அந்தத் தேதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எழுதும் கை நின்றுவிடும். கூரைக் கொட்டகையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போய்விட்டார்கள். மாடியிலே வகுப்பு, மேலே கீற்று, இறங்குவதற்கு ஒடுங்கலான வழி. அந்தப் பிள்ளைகளை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. இந்தியாவிலுள்ள பள்ளிகள் எல்லாம் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் கண்ட பாதுகாப்பு முறைகளை அனுசரிக்க வேண்டும் என்றது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த விதித் தொகுப்பும் அமைவனத்தின் வெளியீடுதான். அன்றைக்கு அதன் விலை 13,000 ரூபாய்க்கு மேல்.

ஒரு தாய் தன் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பள்ளியில் நின்று, மாடிப்படி இவ்வளவு அகலம் போதுமா, கதவு உள்ளே திறக்க வேண்டுமா வெளியே திறக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முதலாளி அல்ல. அவள் எதையும் தயாரித்து விற்கவில்லை. சட்டம் யாருக்காகப் போடப்பட்டதோ அவளே அவள்தான். அவளிடம் போய், “அம்மா, உன் குழந்தையைக் காப்பாற்றும் விதி இந்தப் பெட்டியில் இருக்கிறது, திறக்கப் பதின்மூவாயிரம் எடு” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது உண்மை. எந்த அதிகாரியும் கொடியவர் அல்லர். புத்தகம் என்றால் விலை உண்டு, விலை என்றால் ரசீது உண்டு என்ற பழக்கம்தான் அப்படி ஆக்கி வைத்திருந்தது. கெட்ட எண்ணத்தைவிடப் பழக்கம்தான் பல சமயம் அதிகக் கெடுதல் செய்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்தை எதிர்த்துக் கிளம்பியவர் ஓர் அமெரிக்கர், கார்ல் மலமூத். பணம் கட்டி இந்தியத் தரநிலைகளை வாங்கினார். கட்டட விதித் தொகுப்பு உட்பட சுமார் 19,000 தரநிலைகளை இணையத்தில் போட்டார்; யாரும் விலையின்றிப் படிக்கலாம் என்றார். மறைவிலே செய்யவில்லை. தன் பெயரைப் போட்டே செய்தார். அமைவனம் ஆட்சேபித்தது, 2014-ல் அவருடைய சந்தாவைப் புதுப்பிக்க மறுத்தது. 2015 டிசம்பரில் அவரும் இந்திய நண்பர்கள் சிலரும் டில்லி ஹைகோர்ட்டில் பொதுநல மனுப் போட்டார்கள். பின்னர் சாம் பித்ரோடாவும் அவருமாகச் சேர்ந்து வெளியிட்ட ஒரு நூலின் தலைப்பிலேயே சுயராஜ்யம் என்ற சொல்லை வைத்தார்கள். காந்தியின் உப்பு ஞாபகத்துக்கு வருகிறது அல்லவா? வரட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

அவருடைய வழியை முழுக்க ஏற்கிறேனா என்று கேட்டால், சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்வேன். சட்டத்தை மீறித் தர்மத்தைக் காட்டுவதாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் காந்தி அல்லர். என் நாவலை வாட்ஸப்பில் விட்டவரைக் கேட்டால் அவரும் அறிவு எல்லோருக்கும் பொது என்பார். ஆனால் ஒரு வித்தியாசம். அவர் பெயரைப் போடவில்லை. கோர்ட்டுப் படியேறித் தன் நியாயத்தைச் சொல்லவும் வரவில்லை.

மலமூத் மீது அமெரிக்காவிலும் வழக்கு நடந்தது. அங்கே தரநிலைகளை எழுதுவது சர்க்கார் அல்ல, தனிச் சங்கங்கள். தீயணைப்புச் சங்கம் உட்பட மூன்று சங்கங்கள் 2013-ல் தொடுத்த வழக்கு பத்து வருஷம் இழுத்து, 2023 செப்டம்பரில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டில் ஒரு முடிவுக்கு வந்தது. சட்டம் தனக்குள் ஏற்றுக்கொண்ட தரநிலையை, லாப நோக்கமில்லாமல் மக்கள் பார்வைக்கு வைப்பது நியாயமான உபயோகமே என்றார்கள் நீதிபதிகள். அதற்கும் முன்னால், 2002-லேயே டெக்ஸாஸில் ஒரு தீர்ப்பு. ஆனா, சவாய் என்று இரண்டு சின்ன ஊர்கள். நம் சிங்காரப்பேட்டையைப் போன்றவைதான். அந்த ஊர்களின் கட்டட விதிகளை ஒருவர் இணையத்தில் போட, எழுதிய சங்கம் வழக்காடியது. சட்டமாகிவிட்ட எழுத்து சட்டம் என்ற அளவில் யாருக்கும் சொந்தமல்ல என்று தீர்ப்பாயிற்று. ஐரோப்பாவில் 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைப் பற்றியது. அங்கே நீதிபதிகள் பதிப்புரிமைச் சண்டைக்குள் இறங்கவேயில்லை. விளையாட்டுச் சாமானின் பாதுகாப்பு விதி ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு பகுதி. அதைப் பிரஜைகள் பார்க்க வேண்டியது பொதுநலன் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

எதிர்க்கட்சிக்கும் வாய் உண்டு. அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது பஞ்சாயத்து ஆகாது. ஒரு தரநிலையை எழுத எத்தனையோ கூட்டம் கூட வேண்டும்; பரிசோதனைச் சாலை வேண்டும்; அச்சு வேண்டும். ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசச் சங்கத்தின் தரநிலைகளையும் நாம் எடுத்தாள்கிறோம்; விற்பனையும் அவர்கள் வருமானத்தில் ஒரு பங்கு, அவர்கள் சரக்கை நாம் இலவசமாக வாரி இறைக்க முடியுமா? இதற்கெல்லாம் மேலாக இன்னொரு வாதம் இருக்கிறது, அதுதான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. கான்கிரீட் கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 என்று ஒன்று உண்டு. 1953-ல் முதலில் வந்தது, பல தடவை திருத்தப்பட்டது. 2000-த்தில் வந்தது நாலாவது திருத்தம். கண்டவனெல்லாம் அதை அச்சடித்தால், ஒருவன் பழைய பதிப்பை விற்பான். இன்னொருவன் ஒரு புள்ளியை இடம் மாற்றிப் போடுவான். நாவலில் அச்சுப் பிழை வந்தால் கதாநாயகன் பெயர் கெடும். கட்டட விதியில் பிழை வந்தால் கூரை தலையில் விழும்.

பலமான வாதம். ஆனால் அது பிரதி எடுப்பதைத் தடுப்பதற்கு வாதம் அல்ல; பிரதியைச் சிதைப்பதைத் தடுப்பதற்கு வாதம். இந்த இரண்டும் வேறு வேறு என்பது எழுத்தாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பதிப்புரிமையை நான் விற்றுவிட்ட பிறகும் என் எழுத்தைச் சிதைத்து எனக்கு இழிவு தேடினால் தட்டிக் கேட்கலாம் என்று சட்டத்தில் தனியே ஒரு பிரிவு இருக்கிறது. விலை பேசும் உரிமை ஒன்று, மானத்தைக் காக்கும் உரிமை மற்றொன்று. அமைவனம் இரண்டாவதை இரும்புக் கரத்தோடு காக்கட்டும். திரித்து அச்சிட்டவனைச் சிறையில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சரியான பிரதி எங்கும் இறைந்து கிடக்கும் ஊரில்தான் பொய்ப் பிரதி சுலபமாக அகப்பட்டுக்கொள்ளும்.

செலவு விஷயமும் அப்படித்தான். நான் எழுதினால் விற்பனையில்தான் எனக்குக் கூலி. தரநிலைக் குழுவில் உட்காரும் பேராசிரியருக்கும் ஆலை என்ஜினீயருக்கும் பிரதிக்கு இவ்வளவு என்று ராயல்டி கிடையாது. அமைவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி முத்திரை உரிமம் கொடுப்பதில் வருகிறது; புத்தகம் விற்பதில் அல்ல. புத்தகத்தைத் திறந்துவிட்டால் நிறுவனம் படுத்துவிடாது.

ஆக, வக்கீல் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். “என் நாவலைப் படிக்காதவனை எந்த இன்ஸ்பெக்டரும் பிடிப்பதில்லை. படிக்காமலே அவன் சௌக்கியமாக இருக்கலாம். பல பேர் இருக்கிறார்கள். ஆகையால் நான் விலை கேட்கிறேன், அவன் யோசித்து வாங்குகிறான். தரநிலையைப் படிக்காமல் மீறியவனுக்கோ அபராதம் உண்டு. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றுக்கு விலை கேட்பது வியாபாரம் ஆகாது. அதற்கு வரி என்று பெயர். வரி போடுவதானால் சட்டசபையில் சொல்லிவிட்டுப் போடட்டும்.”

அவர் சிரித்துவிட்டு, “அப்படியானால் பாரதி பாட்டு? அதைப் பாடு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, அதை ஏன் பொதுவாக்கினார்கள்?” என்று அடுத்த கொக்கியைப் போட்டார். வக்கீல் அல்லவா! ஆனால் அது எனக்கே சாதகமான உதாரணம். 1949-ல் சென்னை சர்க்கார் பாரதியின் எழுத்துக்களுக்கு உரிமையை அவர் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து வாங்கி, பிற்பாடு ஜனங்களுக்கு விட்டது. பறித்துக்கொள்ளவில்லை. உழைத்தவன் வீட்டுக்குக் கூலி போய்ச் சேர்ந்தது, பாட்டும் பொதுவாயிற்று. தரநிலைக்கு அந்தக் கூலியை ஏற்கெனவே நாம் எல்லோரும் கொடுத்தாகிவிட்டது.

பொதுவில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி சிங்காரப்பேட்டையிலேயே நிற்கிறது. ஊர்க் கோடியில் இருக்கும் அடிகுழாயைச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில், படிப்பில்லாமல் கைப்பழக்கத்தாலேயே தொழில் கற்ற ஒரு மெக்கானிக் செய்த குழாய் அதற்கு மூதாதை. 1970-களில் யுனிசெஃப் உதவியுடன் அதைச் செம்மைப்படுத்திக் கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்தார்கள், சென்னையில் வார்த்தார்கள். இந்தியா மார்க் இரண்டு என்று பெயர். அதன் அமைப்புக்கு யாரும் தனி உரிமை கொண்டாடக் கூடாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று பொதுவில் விட்டார்கள். அதோடு ஐ.எஸ். 9301 என்று தரநிலையும் வகுத்து, கண்டபடி செய்கிறவர்களைக் கட்டுப்படுத்தினார்கள். இந்தியா முழுவதும் பரவி, ஆப்பிரிக்கா வரைக்கும் போயிற்று அந்தக் குழாய். வறண்ட கோடையில் அதன் பிடியைப் பிடித்து அடிக்கிற எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சரித்திரம் தெரியாது. தண்ணீர் வருகிறது, அது போதும்.

இப்போது நிலைமை முன்போல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமைவனத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால், நாமே வகுத்த தரநிலைகளில் பெரும்பாலானவற்றை விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் விலை போனதே தவிர, பூட்டு போகவில்லை. நீங்கள் படிக்கலாம்; அச்சிட்டு அடுத்தவனுக்குக் கொடுக்கக் கூடாது. நாளைக்கு விலை திரும்பி வந்தாலும் ஏன் என்று கேட்க முடியாது.

தமிழ் விஷயத்தில் இது சங்கடமாக முளைக்கிறது. பார்லிமெண்டு செய்த ஒரு சட்டத்துக்குச் சர்க்கார் தமிழாக்கம் வெளியிடாமல் இருந்தால், அதிகாரபூர்வமானதல்ல என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டு நானோ நீங்களோ தமிழாக்கி வெளியிடலாம். பதிப்புரிமைச் சட்டத்திலேயே அந்தச் சலுகை எழுதப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் கீழ் வரும் விதிகளுக்கும் உத்தரவுகளுக்கும் உண்டு. ஆனால் அந்த உத்தரவு கைகாட்டும் தரநிலைக்கு அந்தச் சலுகையைக் காணோம்.

நம் பட்டறைக்காரர் தினத்தாளை ஒரு வரி விடாமல் படிப்பவர். இங்கிலீஷில் எண்களைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் படம்தான். ஐ.எஸ். 2102-ன் முக்கியமான அட்டவணையையும் குறிப்புகளையும் நான் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சொந்த உபயோகம், குற்றமில்லை என்று வக்கீல் நண்பரும் அரை மனதாகத் தலையசைத்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் பட்டறைக்காரர். பத்து நாள் கழித்து ஊத்தங்கரையிலிருந்து ஒரு லேத்துக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றாராம். “சார் கிட்டே கேட்டுத்தான் தரணும்” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

முறைப்படி எழுதி அனுமதி கேட்டுவிடுவோம் என்று நான் காகிதத்தை எடுத்து வைத்தேன். கடிதம் முடிவதற்குள் பட்டறையிலிருந்து போன் வந்தது. லேத்துக்காரர் காத்திருக்கவில்லையாம்; சுவரில் இருந்ததை அப்படியே செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம்.